இறுக்குவோன் கடன்

உலகத்தார் செய்யும் வேலைகளுட் பலவற்றை ஒருவன் பூட்ட, வேறொருவன் கழற்ற நேர்கின்றது. பூட்டுகிறவன் கழற்றுகிறவனைக் கண்டதில்லை. அவன் யார், எவ்வூரான், எந்நாளில் வருவான் என்பதையும் அறியான். கண்ணிற் படாத அம்மனிதனுக்கு இவன் ஏதேனும் கடன்பட்டவனா? கடன்பட்டவனெனில் அக்கடன் யாது? இவ்வினாவுக்கு விடைகாண நாம் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. மோட்டார் வண்டியின் எஞ்சினில் திருகியிருக்கும் ஒரு சிறு தகரக் குடுவையே போதும்.

அதனை எண்ணெய் வடிகட்டி என்போம். பட்டறைக்காரர் ஆயில் பில்டர் என்பர். 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்கு என்னும் இருவர் மோட்டார் வண்டிக்கென எண்ணெய் வடிகட்டியொன்றை அமைத்து, அதற்குப் பியூரோலேட்டர் எனப் பெயரிட்டனர். இன்று பல கார்களில் உள்ளது மரையில் திருகிப் பூட்டும் குடுவையாகும். அதன் வாய்ப்புறத் தட்டில் சிறு துளைகள் வட்டமாக அமைந்துள்ளன. எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெய் அவற்றின் வழியே உட்புகுந்து, மடித்த தாளினூடே வடிந்து, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகின்றது. வாய்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. எண்ணெய் ஒழுகாமற் காப்பது மரையன்று, அவ்வளையமே.

தன் வண்டிக்குத் தானே எண்ணெய் மாற்ற முனைந்த ஒருவன், வடிகால் போல்ட்டைத் திறந்து பழைய எண்ணெயை இறக்கிவிட்டு வடிகட்டியைப் பற்றித் திருகுகிறான். அது அசைய மறுக்கின்றது. ஏன்? பூட்டியவன் வளையத்தில் எண்ணெய் தடவாது உலர்ந்தபடியே வைத்திருக்கலாம். உலர்ந்த ரப்பர் இரும்பைக் கவ்விக்கொள்ளும். கையால் திருக வேண்டியதை ரெஞ்சு கொண்டு திருகியிருக்கலாம். பின்னர் மாதக்கணக்காகச் சூடேறியும் ஆறியும் ரப்பர் இறுகிப்போயிற்று. ஆகவே இன்று தோன்றிய இடரின் வித்து இன்று இடப்பட்டதன்று. முன்னொரு நாள் அரை நிமிடத்தில் ஒரு கை செய்த செயல், இன்று மற்றொரு கையைத் தோலுரிக்கின்றது.

இவ்விடத்தில் மனிதனுக்கு முதலில் வருவது சினம். சினத்தோடு வலிமையைக் கூட்டுகிறான். வண்டிக்கடியில் கையைத் தலைகீழாக நீட்டித் திருகுவோர் பலர் திசை மயங்கி, கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குவதும் உண்டு. குடுவையின் அடிப்புறத்தை நேரே நோக்கி நின்றால் இடஞ்சுழியே கழற்றும் திசை. இதனை நிதானித்து அறியாதவனின் வலிமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அவன் விளைக்கும் கேடு.

அறிந்தவன் செய்யும் முறை வேறு. முதலாவது, வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி விடாமல் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துகிறான். இரண்டாவது, எஞ்சின் முற்றும் ஆறியிருந்தால், எண்ணெயை இறக்குமுன் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறான். வெதுவெதுப்பில் ரப்பர் சற்றே இளகும். கொதிக்கும் சூட்டிலோ கை வேகும். மூன்றாவது, குடுவையின் மேலுள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உப்புத்தாளைச் சுற்றியோ ரப்பர்க் கையுறை அணிந்தோ பற்றுகிறான். வழுக்கும் பொருளிடம் வலிமைக்கு வேலையில்லை, பிடிப்புக்கே வேலை. அதற்கும் இணங்காவிடில் பட்டை ரெஞ்சு அல்லது சங்கிலி ரெஞ்சினைக் கொள்கிறான். இழுக்க இழுக்கத் தானே இறுகிப் பற்றுவது அக்கருவியின் இயல்பு. அதனையும் குடுவையின் நடுவில் மாட்டாது, எஞ்சினை ஒட்டிய பக்கத்தில் மாட்டுகிறான். நடுவில் தகரம் மெலிது, நசுங்கிவிடும். தட்டின் அருகே தாங்கும் வலிமையுண்டு.

இவ்வளவும் செய்யப் பொறுமையில்லாதவன் திருப்புளியைக் குடுவையில் குத்திப் பாய்ச்சி நெம்புகிறான். சிலவேளை அது பலிக்கும். பலியாதபோது மெல்லிய தகரம் வட்டமாகக் கிழிந்து, பற்றுதற்கு எதுவும் எஞ்சாது. துளைபட்ட வடிகட்டியோடு எஞ்சினை இயக்கவும் ஆகாது. பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் வழியும் அடைபட்டது. ஆகலின் இது எல்லா வழியும் தீர்ந்தபின் கொள்ளும் வழியேயன்றி, சினந்தீரக் கொள்ளும் வழியன்று.

இனி நம் வினாவுக்கு வருவோம். மிகையாக இறுக்கியவன் தீயவனா? அல்லன். அவனைக் கேட்டால், "எண்ணெய் ஒழுகிவிட்டால் எஞ்சின் கெடுமே, கவலையோடுதான் இறுக்கினேன்" என்பான். இதுவே ஆராயத்தக்கது. கவலை வேறு, கருத்து வேறு. ரப்பர் வளையம் எஞ்சினைத் தொட்டபின், பல குடுவைகளில் அச்சிட்டிருப்பதுபோல், கையால் முக்காற் சுற்றுத் திருகினால் அது வேண்டிய அளவு அமுங்கிவிடும். அதற்குமேல் இறுக்குவதால் காப்பு மிகுவதில்லை. வளையம் பிதுங்கிக் கெடவும் கூடும். எனவே அந்த மிகை வண்டிக்காகச் செய்யப்பட்டதன்று. செய்தவனுடைய அச்சத்தை ஆற்றுதற்காகச் செய்யப்பட்டது. தன் அச்சத்தைத் தணித்துக்கொள்ளப் பிறன் தலையில் சுமையேற்றி, அதற்கு எச்சரிக்கை என்று பெயரிடுகிறான். வீட்டிலும், பள்ளியிலும், ஆலையிலும் அதிகாரம் செலுத்துவோர் பலர் இறுக்கும் இறுக்கமும் இத்தகையதே அன்றோ?

"பூட்டுபவனும் நானே, கழற்றுபவனும் நானே; பிறன் எங்கே வந்தான்?" எனத் தன் கையால் எண்ணெய் மாற்றுவோன் கேட்கலாம். பல வண்டிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகின்றனர். இன்று இறுக்கும் இவனும் ஓராண்டு கழித்துத் தோள்வலியோடு வண்டிக்கடியிற் படுக்கும் அவனும் ஒருவர்தாமா? முன்னிரவிலும் பின்னிரவிலும் எரியும் விளக்கின் சுடரைக் காட்டி, அது அதுவுமன்று, வேறுமன்று என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கிய நியாயத்தை நம்மவர் அறிவர். வருங்காலத்து நாமும் நமக்குக் காணாத மனிதரே. அவருக்கு இரங்குதலும் அறமே.

கழற்றியபின்னும் கடன் தீர்வதில்லை. பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அதன்மேல் புதிய வளையம் அமர்ந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியேறி எஞ்சின் பாழாகும். இறக்கிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதலும் தகாது. அதனை உரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடம் சேர்க்க வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் நோக்கம். அருகிலுள்ள பட்டறையில் வாங்கிக்கொள்வார்களா எனக் கேட்டு ஒப்படைக்கலாம்.

கையிற் பட்ட எண்ணெயையும் எளிதாக எண்ணலாகாது. லங்காஷயர் பஞ்சாலைகளில் மியூல் என்னும் நூற்பு இயந்திரத்தில் உழைத்தோரின் ஆடையில் கதிர் எண்ணெய் தெறித்து ஊறி, தோலிற் புற்றுநோயை விளைத்தது. மான்செஸ்டர் மருத்துவர் சவுத்தமும் வில்சனும் 1922-இல் இதனை வெளியிட்டனர். அவ்வேலைக்கெனத் தனி விதிகள் 1953-இல்தான் பிறந்தன. இடையில் முப்பத்தோர் ஆண்டுகள்! அந்த எண்ணெயை வாங்கியவரும் ஊற்றச் சொன்னவரும் கொடியவர் என்று சொல்லவேண்டியதில்லை. அது யார்மேல் தெறிக்கிறது என்று காணாதவராய் இருந்தனர்; அதுவே போதுமானதாயிற்று. கறுத்த எஞ்சின் எண்ணெயிலும் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் சேர்கின்றன. ஆகவே கையுறை அணிக. பட்ட இடத்தைச் சோப்பால் உடனே கழுவுக.

முடிவாக நாம் சொல்லுவது இதுவே. புதிய வடிகட்டியைப் பூட்டுமுன் எஞ்சினின் முகத்தைத் துடையுங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு விரல் புதிய எண்ணெயைத் தடவுங்கள். கையாலேயே திருகுங்கள், வளையம் தொட்டபின் குறித்த அளவோடு நிறுத்துங்கள். எஞ்சினை ஓட்டி ஒழுக்குண்டா எனப் பாருங்கள். அச்சத்துக்கு மருந்து அந்தப் பார்வையே, மேலும் ஒரு சுற்றன்று. குடுவையின் மேல் நாளையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவன் அதைப் படிப்பான், எளிதிற் கழற்றுவான், உங்கள் பெயரை அறியாமலே தன் வேலையை முடித்துக்கொண்டு போவான்.