நியாயத்திற்குத் தலைக்கணக்கு உண்டோ?

மக்கள் பெருகிய இடத்தில் நியாயஸ்தலம் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதில்லை. மக்கள் அருகிய இடத்திலும் அது வேண்டுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எஸ்மரால்டா என்றொரு ஜில்லா உண்டு. அதன் பரப்பு 3,500 சதுர மைலுக்கு மேற்பட்டது. சிங்கப்பூர்த் தீவைப்போல் ஏறத்தாழப் பன்னிரு மடங்கு. ஆயின் 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 729 பேரே. ஒரு பெரிய ரப்பர்த் தோட்டத்து லயங்களில் அடங்கிவிடத்தக்க தொகை! லாஸ் வேகாஸ் நகரிலிருந்து வடமேற்கே பாலைநிலத்தின் வழியாக ஏறத்தாழ 180 மைல் சென்றால், அதன் தலைநகராகிய கோல்ட்ஃபீல்டை அடையலாம். 1902-இல் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் குழுமினர். பொன் அருகவே ஜனங்களும் அகன்றனர். 1923-இல் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. 1908-இல் திறக்கப்பட்ட நான்கடுக்கு விடுதி, தங்குவாரின்றி நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கின்றது. அதே காலத்தில் கல்லால் எழுப்பிய நியாயஸ்தலமோ இன்றும் திறந்திருக்கின்றது. நீதிபதியின் மேடையில் அந்நாளைய டிஃபனி விளக்குகளைக் காணச் செல்வோர், வழக்கு நடக்கும் மன்றத்தையும் காண்கின்றனர்.

“இத்துணைச் சிலருக்கு ஒரு நியாயஸ்தலமா? வீண் செலவன்றோ?” என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. பொதுப்பணத்தைப் பலருக்குப் பயன்படச் செலவிடுவதும் அறமே. அன்றியும், ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் நடுநிலை பிறழாத ஜூரிகளைத் தேர்வது எளிதன்று.

ஆயினும், நியாயஸ்தலத்தைத் தொலைவில் கொண்டுபோய் வைத்தால் விளைவது யாது? செல்வன் வண்டியேறிச் செல்வான். நாட்கூலி பெறுவோனோ, இழக்கும் கூலியையும் வழிச்செலவையும் எண்ணிப் பார்த்து, “போனது போகட்டும்” என்று தன் உரிமையைக் கைவிடுவான். சட்டப் புத்தகத்தில் இருவரும் சமம்; வழித்தூரத்தில் சமமல்லர். செலவைக் குறைக்க வேறு வழியுண்டு. எஸ்மரால்டாவும் அண்டையிலுள்ள நை ஜில்லாவும் ஒரே நீதி வட்டாரமாய் நீதிபதிகளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. பயணத்தின் பாரத்தை நீதிபதி ஏற்றால், அது ஏழையின் தலையில் விழாது.

இனி, கூட்டம் பெருகினால் நியாயமும் பெருகுமா? அந்த ஜில்லாவின் சரித்திரமே விடை பகர்கின்றது. பொன்னும் ஜனமும் நிறைந்திருந்த 1907-இல், இக்கட்டடம் எழுந்து முடியுமுன்னர், சுரங்க முதலாளிகளுக்கும் தொழிலாளருக்கும் கடும் பகை நிலவிற்று. அவ்வேளையில் பிரெஸ்டன், ஸ்மித் என்னும் தொழிற்சங்கத்தார் இருவர், உணவுக்கடைக்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்த வழக்கில் தண்டிக்கப்பட்டனர். தற்காப்புக்காகவே சுட்டதாகப் பிரெஸ்டன் கூறியது ஏற்கப்படவில்லை. 80 ஆண்டுகள் கழித்து, 1987-இல், மாநிலம் அவ்விருவருக்கும் மன்னிப்பு வழங்கிற்று. அதைப் பெற இருவரும் உயிரோடில்லை. ஆயிரமாயிரம் பேர் சூழ்ந்திருந்தும், நிதானமாய்க் கேட்கும் செவி அன்று அரிதாயிற்று.

மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பர். கதையேயாகுக, அதன் கருத்தை நோக்குமின். மணியை அசைத்தது ஒரே ஒரு பசு. திருவாரூரில் எத்தனை பசுக்கள் உள்ளன என்று எண்ணிவிட்டு அரசன் வெளிவரவில்லை.

பள்ளிக்கூடமாயினும், மருந்தகமாயினும், நியாயஸ்தலமாயினும், “அங்கே எத்தனை பேர்?” என்று கேட்பது கணக்கனுக்கு முறை. “அங்கே ஒருவன் முறையிட்டால் யார் கேட்பார்?” என்று கேட்பது ஆள்வோர்க்கு முறை. முதற் கேள்விக்கு விடை கண்டதும் இரண்டாவதை மறந்துவிடாதிருத்தல் நம் அனைவர்க்கும் கடன்.