90 மார்க் நிச்சயம்னா மாறுவியா?

பிளஸ் ஒன் சேர்ந்து மூன்றே வாரம். ‘‘ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம்ப்பா, காமர்ஸுக்கு மாறிடறேன்’’ என்கிறான் பையன். பதறாதீர்கள்.

உங்கள் கணக்கும் நியாயம்தான். ஃபர்ஸ்ட் குரூப் படித்தவன் பின்னால் சி.ஏ.வுக்கோ சட்டத்துக்கோ போகலாம். காமர்ஸ் படித்தவன் இன்ஜினீயரிங், மெடிக்கல் பக்கம் திரும்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதற்காக, கதவு திறந்திருக்கட்டும் என்று பிள்ளையை இரண்டு வருஷம் வாசலிலேயே உட்கார வைக்கலாமா?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘‘ஃபிஸிக்ஸ்ல 90 மார்க் நிச்சயம்னா, அப்பவும் மாறுவியா?’’

‘மாட்டேன்’ என்றால் அது பயம். நல்ல வாத்தியார் போதும். ‘மாறுவேன்’ என்றால் அது விருப்பம். நாளைக்கே ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் பாடம் ஓடிவிடும்.

பதில் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். பார்த்தால், அவன் பயப்படுவது ஃபிஸிக்ஸுக்கு அல்ல!