மாடத்துக்கு வெளியே ஒரு கால்



இன்று ஜூலை 3, தோமையார் திருநாள். குத்தம்பாக்கத்துக்காரர்களான நமக்கு அவர் தூரத்துப் புனிதர் அல்ல. பூந்தமல்லி தாண்டிக் கொஞ்ச நேரம் போனால் அவர் பெயர் கொண்ட மலை. ஆனாலும் நான் பேச வந்தது பரங்கிமலையைப் பற்றி அல்ல, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி.

அதன் பெயர் ஓர்சான்மிக்கேலே. 1337இல் கட்டத் தொடங்கியபோது அது தானியச் சந்தை. பிறகு கீழ்த்தளம் கோயிலானது, மேலே தானியக் கிடங்கு. தானியம் இறங்கிய துவாரத்தை இன்றும் தூணில் பார்க்கலாம். பீடத்துக்கு மேலே தானிய மூட்டையா என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

வெளிச்சுவர் முழுக்க மாடங்கள். ஒவ்வொரு தொழில் குழுவினரும் தங்கள் பாதுகாவலரின் சுரூபத்தை அதில் வைத்தார்கள். லினன் துணிக்காரர்களுக்கு மாற்கு, ஆயுதம் செய்பவர்களுக்கு ஜார்ஜியார். வியாபார வழக்குகளை விசாரித்த நீதிமன்றம் யாரை வைத்தது தெரியுமா? சந்தேகப்பட்ட நம் தோமையாரை!

சிற்பி வெரோக்கியோ வார்த்த அந்த வெண்கலச் சுரூபங்கள் 1483இல் மாடமேறின. ஒருவருக்கென்று கட்டிய மாடத்தில் இருவர். ஆண்டவர் உள்ளே நின்று கையை உயர்த்தி விலாவைக் காட்டுகிறார். தோமையாரின் ஒரு கால் மாடத்தைத் தாண்டித் தெருப்பக்கம் நிற்கிறது. கை காயத்தருகே போகிறது, தொடவில்லை. அசலை இப்போது மாடியிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். மாடத்தில் நிற்பது நகல்.

உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று கூட இருந்த சீடர்கள் சொல்லியும் தோமையார் விசாரிக்காமல் ஏற்கவில்லை. காணாமல் நம்புகிறவர்களே பேறுபெற்றவர்கள் என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், எட்டு நாள் கழித்து அவருக்காகவே வந்து காயத்தைக் காட்டினாரே! கேட்டவரை வெளியே தள்ளவில்லை.

நாமோ தலைகீழ். உயிர்ப்பைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை மட்டும் அப்படியே நம்பி, நான்கு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர்களுக்குத் தோமையார் தேவைப்பட்டது இதனால்தான்.

நம் அன்பியங்களிலும் ஒரு பேச்சு ஓடுகிறது, கெபி கட்டிய செலவைப் பற்றி. என் காதுக்கும் வந்தது. கேட்டவர்மீது எனக்கு வருத்தமில்லை. திருப்பலி முடிந்ததும் கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் வாசல் மேசையில் இருக்கும். பொருளாளரும் இருப்பார். தேர்பவனி ஆறு மணிக்கு. அதற்குள் வந்து புரட்டிப் பாருங்கள்.