வழி காட்டுவதும் சேவையா?



சேவைன்னு சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், இரத்த தான முகாம். நம்ம கையால் எடுத்துக் கொடுக்கிறோம், மனசு நிறையுது. சரி, உதவி கேட்டு வந்தவரிடம் "இது எங்களிடம் இல்லை, அங்கே போய்க் கேளுங்க" என்று இன்னோர் இடத்தைக் காட்டினால்? அது சேவையா, இல்லை மரியாதையாகத் தட்டிக்கழிப்பதா?

இதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஓர் அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. 211 என்ற தொலைபேசி எண். 1997-இல் அட்லாண்டா நகரில் யுனைடெட் வே என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. 1999-இல் கனெக்டிகட் மாநிலம் முழுமைக்கும் அந்த எண் வந்தது. 2000-இல் நாடு முழுவதற்கும் இதே எண் ஒதுக்கப்பட்டது. அழைத்தால் எதிர்முனையில் பேசுகிறவர் பணம் தரமாட்டார், அரிசி மூட்டை தரமாட்டார். வாடகைக்கு யாரிடம் போவது, முதியோர் பராமரிப்புக்கு எந்த அலுவலகம், என்ன பத்திரம் வேண்டும் என்று சொல்வார். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நம்ம ஊரிலேயே பார்ப்போம். வேலையிடத்து விபத்தில் கணவரை இழந்த ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ந்தோர் உதவித்தொகைக்குச் சொக்சோ. பிள்ளைகளின் உதவித்தொகைக்குச் சமூக நல இலாகா. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் என்றால் தேசியப் பதிவு இலாகா. தப்பான கவுண்டரில் வரிசை பிடித்தால் அன்றைய சம்பளம் போச்சு. இரண்டு தடவை அலைந்தவர் மூன்றாவது தடவை போகமாட்டார். "நமக்கு எதுவும் கிடைக்காது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அவருக்குரிய உரிமை சட்டத்தில் இருக்கும், கையில் இருக்காது. சரியான கதவைக் காட்டுகிறவர் அந்த உரிமையைக் கையில் கொண்டுவந்து சேர்க்கிறார். இது தானத்துக்குக் குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் காட்டுகிற விரலுக்கும் பொறுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் மூடிய அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தால், அலைச்சல் நமக்கில்லை, கேட்டவருக்கு. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் தங்கள் பட்டியலை வருடத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறார்கள். முதலில் பொறுமையாகக் கேட்பார்கள். அரிசி கேட்பவருக்கு உண்மையில் வேலை போயிருக்கலாம். சில நாள் கழித்து, "போனீங்களா, கிடைச்சதா?" என்று திரும்ப அழைத்தும் கேட்பார்கள். தட்டிக்கழிப்பவர் அனுப்பியதோடு மறந்துவிடுவார். வழி காட்டுபவர் சேர்ந்தாரா என்று பார்ப்பார். வித்தியாசம் அங்கேதான்.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. போன இடத்திலும் "இடமில்லை" என்றால்? எண் ஒன்று இருப்பதாலேயே புதிய காப்பகம் முளைக்காது. "அதான் எண் இருக்கே" என்று பொறுப்பானவர்கள் கைகழுவவும் கூடும். இதற்கும் வழி இருக்கிறது. தீர்க்க முடியாத கோரிக்கைகளையும் எழுதி வைக்க வேண்டும். 211 சேவையில் அப்படிப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் கேட்டு இல்லையென்றால் அது அவருடைய துரதிர்ஷ்டம். ஒரே மாநிலத்தில் நூறு பேர் கேட்டு இல்லையென்றால், அதிகாரிகள் மேசைமேல் வைக்க வேண்டிய சான்று.

நம் நாட்டில் தாலியான் காசே 15999 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதை நம் தாமானில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? மலாயில் பேசத் தயங்கும் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாநிலத்துக்கு ஒரு தமிழ் உதவி எண் தொடங்கலாமே என்று சில இளைஞர்களுக்கு ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் திறப்பு விழா நடத்தி, ஆறு மாதத்தில் யாரும் எடுக்காத எண்ணாக அது ஆகுமென்றால், தொடங்காமல் இருப்பதே தர்மம். கடைசி நம்பிக்கையோடு அழைப்பவருக்கு வெறும் மணியோசை மட்டும் கேட்பது கொடுமை.

முதலில் சின்னதாகச் செய்வோம். உங்கள் வட்டாரத்தில் உள்ள பத்து உதவி அமைப்புகளின் எண்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நீங்களே அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன மொழியில் பேசுகிறார்கள், என்ன பத்திரம் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் அதே பட்டியலை எடுத்து மறுபடி அழைக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால், அப்போது மாநில எண்ணைப் பற்றிப் பேசலாம்.