சுழலும் தர்வேஷ்களும் நுழைவுச் சீட்டும்

துருக்கியின் கோனியா நகரில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் பெருங்கூட்டம் கூடுகிறது. 1273 டிசம்பர் 17இல் மறைந்த மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் நினைவு நாளையொட்டி, மௌலவிய்யா தரீக்காவின் ‘ஸமா’ அங்கே நிகழ்கிறது. நாணற்குழல் இசைக்க, வெள்ளாடையினர் சுழல்கின்றனர். நுழைவுச் சீட்டு வாங்கியோர் பார்த்திருக்கின்றனர்.

பார்ப்பவர் கண்ணுக்கு அது நடனம். ஆனால் அந்த உயர்ந்த தொப்பி மீஸான் கல்லைக் குறிக்கிறது. வெள்ளாடை கஃபனை, கறுப்பு மேலங்கி கப்ரைக் குறிக்கின்றன. மேலங்கியைக் களைந்த பின்னரே சுழற்சி தொடங்கும். வலக்கரம் அருளை ஏற்க வானை நோக்கும். இடக்கரம் அதனைப் படைப்புகளுக்கு வழங்க மண்ணை நோக்கும். இதற்குத் தகுதி பெற முற்காலத்தில் 1001 நாட்கள் பணிவிடை செய்தல் வேண்டும். அதுவும் பெரும்பாலும் அடுக்களையில்!

நம் ஊர்களில் தைக்கா என்கிறோமே, அதையே துருக்கியர் ‘தெக்கே’ என்பர். 1925இல் துருக்கிக் குடியரசு 677ஆம் எண் சட்டத்தால் தெக்கேக்கள் அனைத்தையும் மூடிற்று. ஷைகு, தர்வேஷ் என்னும் பட்டங்களையும் தடுத்தது. புதிய தேசத்திற்கு அவை தடையென்பது ஆட்சியாளர் எண்ணம். 1927இல் மௌலானாவின் அடக்கத்தலம் அருங்காட்சியகமாயிற்று. 1950களிலோ ஸமாவுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வணக்கமாக அன்று, பண்பாட்டு நிகழ்ச்சியாக. 2005இல் யுனெஸ்கோ அதனை மானிடப் பாரம்பரியச் செல்வமென அறிவித்தது. தேசம் விலக்கிய உருவமே தேசத்தின் சுற்றுலாச் சின்னமாகிவிட்டது. சட்டம் மட்டும் இன்னும் நீக்கப்படவில்லை.

காசு வாங்கியதால் வணக்கம் கெட்டுவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. நம் இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் அளிக்கிறோம். அதனால் அவர்கள் தொழுகையை ஐயுறுகிறோமா? அந்த அனுமதியும் இல்லாதிருந்தால் பல பழைய இசையமைப்புகள் முதியவர்களோடு மறைந்திருக்கக்கூடும். ஸமா ஆகுமா ஆகாதா என்பது உலமாக்களிடையே பழைய வழக்கு. அதற்குள் நாம் புகவில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. பயணிகளின் வசதிக்கேற்ப இச்சடங்கு பல இடங்களில் சுருக்கப்படுவதை யுனெஸ்கோவே குறித்துள்ளது. எதைக் குறைப்பது, எங்கே நிறுத்துவது என்பதைப் பார்ப்பவரின் பொறுமை முடிவு செய்யுமானால், சுழல்பவரின் நிய்யத் எவரை நோக்கி நிற்கும்? உணவு விடுதியில் இரவு விருந்தினரிடையே சுழலும் இளைஞரை நாம் குறை கூறத் துணியவில்லை. சட்டம் அவரைத் தர்வேஷ் என்று அழைக்க விடாது. விளம்பரத் தாளோ அவரை வேறெப்படியும் அழைப்பதில்லை.