ஜின் கட்டிய வீடு

மாயக்கதை எழுதுவது பொய் சொல்வதாகாதா என்று பள்ளிவாசலில் ஒரு பெரியவர் கேட்டார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டுக்கு மழையும் ஆறும் நெல்வயலும் கொடுத்தாரே, அதை யார் பொய் என்றார்கள்? கேட்பவருக்குக் கற்பனையென்று தெரியும். அங்கே ஏமாற்று இல்லை. இப்படித்தான் பதில் சொன்னேன். பிறகு அந்தப் பதிலே என்னை உறுத்தியது.

2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதை வைத்து நான் எழுதிய கதையில் ஒரு ஜின் ஒரே இரவில் அத்தனை வீடுகளையும் திரும்பக் கட்டிவிடும். வாசித்தவர்கள் மகிழ்ந்தார்கள். வீடிழந்த மாமி ஒருவர் மட்டும், "ஜின் கட்டித் தந்தா, இடிச்சவங்கள ஆரு மகன் கேக்கிற?" என்றார்.

ஜின் பொய்யல்ல, அந்த முடிவுதான் பொய். கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். இப்போது கதையில் ஜின்னும் வாடகைக்கு வீடு தேடுகிறது.