பழைய கேமுக்கு எந்தக் கணினி போதும்?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான காட்சியை வரைவது, பிராசஸரோடு சேர்ந்தோ மதர்போர்டின் சிப்செட்டிலோ அமைந்த ஒரு சிறு பகுதி. ஆன்போர்டு கிராபிக்ஸ் என்று அதைச் சொல்வார்கள். கடைகளில் விற்கும் பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது இதுதான்; தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் இந்த வகையே. இவற்றை வைத்திருப்பவரால் புதிய பெரிய கேமை வெளிவந்த அன்றே ஆடிவிட முடியாது. சில ஆண்டுகளோ, பத்தாண்டோ பொறுத்துத்தான் ஆட வேண்டும். அப்படிப் பிந்தி வருகிறவர் உண்மையில் எதை இழக்கிறார் என்பது நின்று யோசிக்கத்தக்க கேள்வி.

வேகத்தின் கணக்கு எளிது. தனி கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ஆன்போர்டு கிராபிக்ஸ் பிராசஸருடன் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்கிறது. 2400 வேக டிடிஆர்4 ரேம் ஒன்றை மட்டும் பொருத்தினால் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தரவு நகரும். இரண்டாகப் பொருத்தினால் 38.4. ஆகவே ஒரே 8 ஜிபி ரேமைவிட இரண்டு 4 ஜிபி ரேம் கேமுக்கு நல்லது. ரெசல்யூஷனும் அப்படித்தான். 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை வரைய வேண்டும்; 1024×768இல் 8 லட்சத்துக்கும் குறைவு.

2005இல் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 950 ஒரு நல்ல எடுத்துக்காட்டு. முப்பரிமாண உருவங்களின் முனைப்புள்ளிகளைக் கணக்கிடும் வன்பொருள் அதில் கிடையாது. அந்த வேலை பிராசஸரின் தலையில் விழுந்தது. அந்த வசதி இல்லை என்று கண்டதும் திறக்கவே மறுத்த கேம்கள் உண்டு. இருப்பதாகப் பொய் சொல்லி அவற்றைத் திறக்கவைக்க 3டி அனலைஸ் போன்ற மென்பொருள்களைப் பலர் நாடினார்கள். ஆனால் 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 யாரையும் அப்படித் திருப்பி அனுப்பவில்லை. கேமுக்கும் கிராபிக்ஸ் வன்பொருளுக்கும் இடையே நிற்கும் மென்பொருள் அடுக்கான டைரக்ட்எக்ஸின் 7, 8, 9 பதிப்புகள் என்று கணினியின் தகுதிக்கு ஏற்பக் காட்சியைக் குறைத்துக்கொள்ளும் வழி அதற்குள்ளேயே இருந்தது. தண்ணீரின் பளபளப்பு குறையும். கதையும் ஆட்டமும் குறையாது. எளிய கணினிக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட அந்த உழைப்பு, காட்சியின் அழகுக்கு நிகராகப் பாராட்டப்பட வேண்டியது.

2011இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ், ஏஎம்டியின் லானோ இரண்டிலும் கிராபிக்ஸ் பிராசஸரின் அதே சில்லுக்குள் வந்தது. அதன்பின் 2005ஐ ஒட்டிய கேம்கள் பலவற்றுக்கு வலு ஒரு பொருட்டாக இல்லை. மாறாக, வேகம் கூடியதே சிக்கலானது. ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸில் நொடிக்கு வரையும் ஃபிரேம்களுக்கு வரம்பிடும் ஃபிரேம் லிமிட்டரை நிறுத்திவிட்டால், வேகமான கணினியில் நாயகன் நீந்துவது மந்தமாகிவிடும். இயக்கக் கணக்கு ஃபிரேம் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெறும் 256 நிறங்களைக் கொண்டு வரைவது. விண்டோஸ் 7இல் அந்த நிறப்பட்டியல் குழம்பி, புல்லும் தண்ணீரும் கண்டபடி நிறம் மாறின. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுவது அன்றைய கைவைத்தியம்.

இவற்றைவிட வருத்தமானது சேஃப்டிஸ்க். நகல் எடுப்பதைத் தடுக்கக் குறுந்தகட்டில் வைத்த பூட்டு அது. அதன் டிரைவரில் பாதுகாப்புக் குறை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து அசல் தகடு வாங்கியவரால் தன் சொந்தப் பொருளைத் திறக்க முடியாமல் போயிற்று. இதற்கு எந்த விலையுயர்ந்த கார்டும் உதவாது.

பழையதை ஓடவைப்பது, ஆகவே, பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலை. டிஜிவூடூ 2 என்ற மென்பொருள் பழைய டைரக்ட்எக்ஸையும், வூடூ கிராபிக்ஸ் கார்டுகளுக்கென எழுதிய கிளைடு என்ற அடுக்கையும் இன்றைய டைரக்ட்எக்ஸுக்கு மாற்றித் தருகிறது. டிஎக்ஸ்விகே டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற இன்னொரு அடுக்குக்கு மாற்றித் தந்து, லினக்ஸிலும் விண்டோஸ் கேம்கள் ஓட உதவுகிறது. இன்டெல்லே தன் 12ஆம் தலைமுறை முதல் டைரக்ட்எக்ஸ் 9க்கான நேரடி ஆதரவை விட்டுவிட்டு, மைக்ரோசாஃப்டின் மாற்று அடுக்கை நம்பத் தொடங்கியது. 1997இல் டூம் என்ற கேமின் மூல நிரல் வெளியிடப்பட்டது. அன்றுமுதல் அதைப் புதிய கணினிகளுக்குக் கொண்டுபோக ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

தகட்டில் உள்ளது, திறக்க அனுமதி இருக்கும்வரை, பிந்தி வருகிறவருக்கும் முழுதாகக் கிடைக்கிறது. விலையும் குறைந்திருக்கும், பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். கிடைக்காமல் போவது கூட்டாளிகள். பேட்டில்ஃபீல்ட் 1942 போன்ற கேம்களின் இணைய ஆட்டத்தைத் தாங்கிய கேம்ஸ்பை 2014 மே மாதம் மூடப்பட்டது. அதன்பின் அந்த கேம்களை இணையத்தில் ஆடுவதற்கு ஆர்வலர்கள் தாமே நடத்தும் சர்வர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6இலும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இலும் அந்தச் சார்பு குறைவு: ஒரே அறையில் நாலைந்து லேப்டாப்களை இணைத்து, வெளியே எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் லேனில் ஆடலாம்.